இலக்கங்கள் ஒலியாகும் விதம்

ஒலியை வலிமையாக்கும் கருவி ஒரு காலத்தில் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பாரமான பெட்டியாக இருந்தது. விழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் அதனை மேடையின் ஓரத்தில் வைத்து, காற்றுப் படும்படி நாற்புறமும் இடம் விட்டு இயக்குவர். இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அதன் முதுகுப்புறம் கைவைக்க இயலாதவாறு சூடேறிவிடும். இரும்புத் தகடுகள் அடுக்கிய கனத்த நிலைமாற்றியும், சூட்டைக் காற்றிற் கலைப்பதற்கான அலுமினியச் சிறகுகளும் அதன் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். இன்றோ அதே அளவு ஒலியை எழுப்புவதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி போதும். பல மணி நேரம் இயங்கிய பின்னரும் அது இளஞ்சூடாகவே இருக்கின்றது.

இம்மாற்றத்தைக் காண்போர் இருவகையாக எண்ணுகின்றனர். இத்துணைச் சிறிய பெட்டியிலிருந்து நல்லொலி பிறவாது என ஐயுறுவோர் ஒரு சாரார். ‘டிஜிட்டல்’ என்ற சொல் பெட்டியின்மேற் பொறிக்கப்பட்டிருப்பின், அதனோடு எழுதப்பட்ட எதனையும் நம்பிவிடுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் பொருளை இழக்க இடமுண்டு. முன்னையோர் வேண்டாத பாரத்தையும் வெப்பத்தையும் விலைகொடுத்து வாங்குவர். பின்னையோர் கிடையாத வலிமைக்கு விலை கொடுப்பர். பெட்டியினுள் நிகழ்வது யாது என்பதை ஓரளவு அறிந்துகொண்டால் இவ்விரு தவறுகளும் நீங்கும். அதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை; வயலுக்கு நீர் பாய்ச்சும் மடையைக் கண்டிருந்தாற் போதும்.

முதற்கண் ஒலிபெருக்கியைக் கவனித்தல் வேண்டும். ஸ்பீக்கர் எனப் பேச்சுவழக்கிற் கூறப்படும் இக்கருவியின் அமைப்பு, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இரு பொறியியலாளர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையிலிருந்து அடிப்படையில் இன்றும் மாறவில்லை. வலிமைமிக்க காந்தம் ஒன்றின் இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தொங்குகின்றது. அச்சுருளோடு ஒரு கூம்பு இணைக்கப்பட்டிருக்கின்றது. சுருளில் மின்னோட்டம் ஒரு திசையிற் பாய்ந்தாற் கூம்பு முன்னே நகரும். எதிர்த்திசையிற் பாய்ந்தாற் பின்னே நகரும். மின்னோட்டம் மிகுந்தால் நகர்வும் மிகும். கூம்பு முன்பின்னாக அசையும்போது காற்று நெருங்கியும் விலகியும் அலைகளாகின்றது. அவ்வலைகளே செவியிற் பட்டு ஒலியாக உணரப்படுகின்றன. ஆகவே, ஒலிபெருக்கிக்கு வேண்டியது இடையறாது ஏறியிறங்கும் மின்னோட்டமே. அதற்கு இலக்கங்கள் தெரியா.

ஆனால், இக்காலத்திற் பாட்டும் பேச்சும் பெரும்பாலும் இலக்கங்களாகவே சேமிக்கப்படுகின்றன. பிலிப்ஸ், சோனி என்னும் நிறுவனங்கள் இணைந்து வகுத்து, 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டினை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ஒரு செக்கன் நேர ஒலி 44,100 கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு கூற்றிலும் ஒலியலை எத்துணை உயரத்தில் நிற்கின்றது என்பது அளக்கப்பட்டு, 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. படிகளின் தொகை இவ்வாறு அமைந்ததற்குக் காரணம், ஒவ்வோர் அளவும் பூச்சியம், ஒன்று என்னும் இரு குறிகளால் ஆன 16 பிற்றுக்களில் எழுதப்படுவதேயாகும். வலம், இடம் என்னும் இரு வழிகளுக்குமாகச் செக்கனுக்கு 14,11,200 குறிகள் வரிசையாக வெளிவருகின்றன.

இடையிடையே அளந்தெடுத்த புள்ளிகளைக் கொண்டு இடையறாத அலையை மீட்க முடியுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அளக்கப்படும் வேகம், அலையில் உள்ள மிக உயர்ந்த மீடிறனின் இருமடங்கிற்கு மேற்பட்டிருப்பின் முழு அலையையும் பிழையின்றி மீட்கலாம் என்பதற்கு ஹரி நைகுவிஸ்ட் 1928ஆம் ஆண்டில் அடிகோலினார். குளோட் ஷனன் 1949ஆம் ஆண்டில் அதனை நிறுவிக் காட்டினார். மனிதச் செவி கேட்கும் உயர்ந்த மீடிறன் ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். அதன் இருமடங்கு 40,000. இறுவட்டின் 44,100 என்னும் எண் அதற்குச் சற்று மேலாக அமைந்தமை இக்காரணம் பற்றியே.

ஒருபுறம் இலக்கங்களின் வரிசை. மறுபுறம் இடையறாத மின்னோட்டத்தை வேண்டி நிற்கும் ஒலிபெருக்கி. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது, அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கி. விரியலாக்கி மெலிந்த மின்னோட்டத்தை ஊதிப் பெரிதாக்குகின்றது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் எதுவும் ஊதப்படுவதில்லை. வலிமையானது வேறோரிடத்திலிருந்து, அதாவது மின்கலத்திலிருந்தோ வீட்டு மின்னிணைப்பிலிருந்தோ வருகின்றது. மெலிந்த சமிக்ஞை அவ்வலிமையை அடக்கியும் விடுத்தும் ஆளுகின்றது. குளத்து நீர் மடை வழியே பாய்கின்றது. மடைப் பலகையை உயர்த்தித் தாழ்த்தும் உழவனின் கை அந்நீரின் ஆற்றலைப் படைப்பதில்லை, அளக்கின்றது. விரியலாக்கி செய்வதும் அத்தகைய மடைத்தொழிலே.

இம்மடையை இயக்குவதற்கு இரு வழிகள் உள. பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்தியும் தாழ்த்தியும் வேண்டிய அளவு நீரை விடுவது முதல் வழி. வெற்றிடக் குழாய்களும், பின்னர் வந்த திரான்சிற்றர்களும் நெடுங்காலம் இவ்வழியிலேயே இயக்கப்பட்டன. திரான்சிற்றர் பாதி திறந்தும் பாதி மூடியும் நின்று, மின்னோட்டத்திற்கு வேண்டிய அளவு தடையைக் கொடுக்கும். இதில் ஒரு பெருங்குறை உண்டு. முப்பது வோல்ற்று வழங்கும் மின்மூலம் ஒன்றும், 8 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கி ஒன்றும் இருப்பதாகக் கொள்க. ஒரு கணத்தில் ஒலிபெருக்கிக்கு வேண்டியது 10 வோல்ற்று எனின், அதிற் பாயும் மின்னோட்டம் 1.25 அம்பியர், அது பெறும் வலு 12.5 வாற்று. மிகுதி 20 வோல்ற்றையும் திரான்சிற்றரே தாங்கி நிற்றல் வேண்டும். அதே 1.25 அம்பியர் அதன் வழியாகவும் பாய்வதால், அங்கே 25 வாற்று வெறும் வெப்பமாக அழிகின்றது. பயன்பட்டதைப்போல இருமடங்கு வீணாகின்றது! முன்னாட் பெட்டியின் சூடும் சிறகுகளும் பாரமும் இவ்வொரு கணக்கிலிருந்தே பிறந்தவை.

இரண்டாம் வழியில், மடை பாதி திறந்து நிற்பதே இல்லை. அது முழுவதும் திறந்திருக்கும். அன்றேல் முழுவதும் மூடியிருக்கும். குறைந்த நீர் வேண்டுமாயிற் சிறிது நேரமே திறக்கப்படும். மிகுந்த நீர் வேண்டுமாயின் நெடுநேரம் திறக்கப்படும். மடைக்கு அப்பால் ஒரு சிறு தொட்டி இருப்பின், விட்டுவிட்டு வரும் நீர் அதிற் கலந்து, வாய்க்காலிற் சீராகவே ஓடும். திறப்பும் மூடலும் எத்துணை விரைவாக நிகழ்கின்றனவோ அத்துணைச் சிறிய தொட்டி போதும். இங்கே நீரின் அளவு, மடையின் உயரத்தால் அன்றி, அது திறந்திருக்கும் காலத்தால் தீர்மானிக்கப்படுகின்றது. அளவு காலமாக மாறிவிட்டது. இன்றைய சிறு விரியலாக்கியின் மருமம் முழுவதும் இவ்வொரு மாற்றத்தில் அடங்கியுள்ளது. அதன் சிறப்புக்கள் மட்டுமன்றி, குறைகளும் இதிலிருந்தே தோன்றுகின்றன.

சிறப்பு யாதெனின், வெப்பம் குறைதல். முழுவதும் மூடிய ஆளியின் வழியே, அதாவது சுவிச்சின் வழியே, மின்னோட்டம் பாயாது. ஆகவே அங்கே இழப்பில்லை. முழுவதும் திறந்த ஆளியின் தடை மிகச் சிறியது. அது பத்திலொரு ஓம் எனக் கொண்டால், முற்கூறிய 1.25 அம்பியர் பாயும்போது வெப்பமாவது ஆறிலொரு வாற்றுக்கும் குறைவு. முன்னைய வழியில் 25 வாற்று அழிந்ததை இதனோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். திறக்கும் கணத்திலும் மூடும் கணத்திலும் நேரும் இழப்பைச் சேர்த்துப் பார்த்தாலும், தரமான கருவிகள் மிகுந்த வலிமையில் இயங்கும்போது, பெற்ற ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடுகின்றன. மெல்லிய ஒலியில் இவ்விகிதம் தாழும். ஏனெனில், இடையறாது திறந்து மூடுவதற்கே சிறிது ஆற்றல் செலவாகின்றது.

இது நிகழும் விதத்தைச் சற்று அணுகி நோக்கலாம். இரு ஆளிகள் உள. ஒன்று ஒலிபெருக்கியை நேர் 30 வோல்ற்றுடன் இணைக்கும். மற்றொன்று எதிர் 30 வோல்ற்றுடன் இணைக்கும். இவை மாறி மாறிச் செக்கனுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் முறை இயங்குவதாகக் கொள்க. ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் நேராகவும் பாதி நேரம் எதிராகவும் இருப்பின் சராசரி பூச்சியமாகும். கூம்பு அசையாது நிற்கும். முக்காற்பங்கு நேரம் நேராகவும் காற்பங்கு நேரம் எதிராகவும் இருப்பின் சராசரி நேர் 15 வோல்ற்று. கூம்பு முன்னே நகரும். பங்குகள் தலைமாறினால் அது பின்னே நகரும். இவ்வாறு துடிப்புக்களின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் எவ்வுயர அலையையும் வரையலாம். துடிப்புக்களின் உயரம் மாறுவதே இல்லை.

மடைக்கு அப்பாலிருக்கும் சிறு தொட்டியின் வேலையை இங்கே செய்வன ஒரு கம்பிச்சுருளும் ஒரு கொள்ளளவியுமாகும். கம்பிச்சுருள் மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் இயல்புடையது. கொள்ளளவி மிகுந்ததைச் சேர்த்து வைத்துக் குறைந்தபோது கொடுக்கும் இயல்புடையது. இரண்டும் சேர்ந்து, செவிக்குரிய மெதுவான ஏற்றத்தாழ்வுகளைத் தடையின்றி விடுத்து, நான்கு இலட்சம் ஹேர்ட்ஸில் நிகழும் துடிப்பை வடித்துவிடுகின்றன. வடிகட்டியைத் தாண்டி ஒலிபெருக்கிக்குச் செல்வது வழுவழுப்பான அலையே. படிக்கட்டைப்போன்ற கரடுமுரடான ஒலி வரும் என அஞ்சுவோரின் அச்சம் இவ்விடத்தில் தீர்ந்துபோகின்றது.

இனி, இறுவட்டிலிருந்து வரும் இலக்கங்களை நேரே துடிப்பின் அகலமாக மாற்ற முடியுமா? எளிதெனவே தோன்றும். 20,000 என்னும் இலக்கம் வந்தால் ஆளியை 20,000 அலகு நேரம் திறந்து வைத்தாற் போதும் அன்றோ? ஆனால், ஒரு செக்கனில் 44,100 துடிப்புக்கள். ஒவ்வொரு துடிப்பின் அகலத்திலும் 65,536 படிகள். இவ்விரண்டையும் பெருக்கினால், செக்கனை ஏறத்தாழ 289 கோடிக் கூறுகளாகப் பகுக்கவல்ல கடிகாரம் வேண்டும் என்பது தெரியவரும். வலிமையான மின்னோட்டத்தைத் தாங்கும் ஆளி எதுவும் இத்துணை நுண்ணிய கால அளவிற்கு இசைந்து இயங்காது. மேலும், செக்கனுக்கு 44,100 துடிப்புக்கள் என்பது செவிப்புல எல்லையை அடுத்திருப்பதால், அவற்றை மட்டும் பிரித்து வடித்தலும் அரிது.

இவ்விடையூற்றைக் கடக்கும் உபாயம் மிக அழகியது. முதலில், அளந்தெடுத்த புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டுப் புதிய புள்ளிகள் நிரப்பப்பட்டு, அவற்றின் தொகை எட்டு மடங்காக்கப்படுகின்றது. 44,100 என்பது 3,52,800 ஆகின்றது. அடுத்து, 65,536 படிகள் 256 படிகளாகக் குறைக்கப்படுகின்றன. இப்பொழுது வேண்டிய கடிகாரத்தின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்பது கோடி; இது எளிதிற் கைகூடும். ஆயின், படிகளைக் குறைத்தால் அளவிற் பிழை நேருமன்றோ? நேரும். அப்பிழையை என்ன செய்வது என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது.

சில்லறை வழங்காத ஒரு கடைக்காரரைக் கருதுக. அவரிடம் ஒருவர் நாள்தோறும் 7 ரூபா 30 சதத்திற்குப் பொருள் வாங்குகின்றார். கடைக்காரர் முழு ரூபாவையே பெறுவார். முதல் நாள் 7 ரூபா பெற்றுக்கொண்டு, வரவேண்டிய 30 சதத்தைக் கொப்பியிற் குறித்து வைக்கின்றார். மறுநாட் கணக்கில் அதனைச் சேர்க்கின்றார். நிலுவை அரை ரூபாவைத் தாண்டும் நாளில் 8 ரூபா பெறுகின்றார். பத்து நாள் முடிவில் ஏழு நாட்கள் 7 ரூபாவும் மூன்று நாட்கள் 8 ரூபாவுமாக அவர் பெற்றது 73 ரூபா. ஒருநாளேனும் சரியான விலை பெறப்படவில்லை. எனினும் கணக்கிற் சதமும் தவறவில்லை. விரியலாக்கியின் கணிப்புப் பகுதியும் இவ்வாறே செய்கின்றது. ஒரு துடிப்பில் நேர்ந்த பிழையை நினைவில் வைத்து அடுத்த துடிப்பிற் சேர்த்துவிடுகின்றது. தனித்தனித் துடிப்புக்கள் சற்றுக் கூடியும் குறைந்தும் இருப்பினும், சில துடிப்புக்களின் சராசரி மிகச் சரியாக அமைகின்றது. மிஞ்சிய பிழை யாவும் செவிக்கு எட்டாத உயர்ந்த மீடிறன்களுக்குத் தள்ளப்படுகின்றது. அங்கே அதனை வடிகட்டி விழுங்கிவிடுகின்றது.

இலக்கத்திலிருந்து நேரே துடிப்புக்குச் செல்லும் இம்முறையை டென்மார்க்கைச் சேர்ந்த டொக்காட்டா என்னும் நிறுவனம் 1990களில் வீட்டு ஒலிக்கருவிகளுக்கு ஏற்றதாக்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அதனை வாங்கி, அம்முறையைச் சிலிக்கன் சில்லுகளில் அமைத்து விற்றது. எனினும், ‘டிஜிட்டல்’ எனப் பெயர் பொறித்த எல்லாப் பெட்டிகளும் இவ்வகையினவல்ல. பலவற்றில் இலக்கங்கள் முதலில் மெலிந்த மின்னலையாக மாற்றப்படுகின்றன. பின்னர் அவ்வலை, முக்கோண வடிவில் ஏறியிறங்கும் வேறோர் அலையோடு ஒப்பிடப்படுகின்றது. அது முக்கோண அலையினும் உயர்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒரு ஆளியும், தாழ்ந்திருக்கும் நேரமெல்லாம் மற்றைய ஆளியும் திறக்கின்றன. இவ்வாறும் துடிப்பின் அகலம் ஒலியின் உயரத்தைப் பின்பற்றும். இவ்விரு வகைகளும் டி வகுப்பு எனப்படுகின்றன. அவ்வெழுத்து ‘டிஜிட்டல்’ என்பதன் சுருக்கம் என்பது பரவலான தவறு. ஏ, பி, சி என முன்னரே மூன்று வகுப்புக்கள் இருந்தமையால், நான்காவதாக வந்தது அவ்வெழுத்தைப் பெற்றது.

இக்கருத்துப் புதியதன்று. ஒலியை இலக்கங்களாக்கும் முறைக்குப் பிரான்சில் 1938ஆம் ஆண்டிற் காப்புரிமை கோரிய ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ் என்பவரே, 1950களில் இத்தகைய விரியலாக்கியையும் வகுத்தவர் எனக் கூறப்படுகின்றார். கிளைவ் சின்கிளேயர் என்பவரின் நிறுவனம் 1964ஆம் ஆண்டில் எக்ஸ்-10 என்னும் பெயரில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் வலு பத்து வாற்று எனக் கூறப்பட்டது. உண்மையிற் கிடைத்ததோ ஏறத்தாழ இரண்டரை வாற்று மட்டுமே. கருத்திற் பிழையில்லை, கருவியே பின்தங்கியிருந்தது. அக்காலத் திரான்சிற்றர்கள் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடின. மெதுவாக மூடும் மடை ஒவ்வொரு முறையும் பாதி திறந்த நிலையைக் கடக்கும். அந்நிலையிலேயே வெப்பம் பிறக்கும் என்பது மேலே காட்டப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அட்டல்லா, காங் என்னும் இருவர் 1959ஆம் ஆண்டில் உருவாக்கிய புதுவகைத் திரான்சிற்றர், 1970களில் மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்கும்படி வளர்ச்சியுற்றது. விரைவாகத் திறந்து விரைவாக மூடும் ஆளி கிடைத்த பின்னரே பழைய கருத்து பயன்தந்தது.

இனிக் குறைகளை நோக்கலாம். அளவைக் காலமாக மாற்றியவுடன், காலத்தில் நேரும் எச்சிறு தவறும் ஒலியில் நேரும் தவறாகிவிடுகின்றது. முற்கூறிய இரு ஆளிகளும் ஒரே கணத்தில் திறந்திருப்பின், மின்னோட்டம் ஒலிபெருக்கியைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே பாய்ந்து இரண்டையும் எரித்துவிடும். நீரை விடும் மடையும் நீரை வடிக்கும் மடையும் ஒருங்கே திறந்த வயலின் நிலை இதுவே. இதனைத் தவிர்க்க, ஒன்று மூடியபின் மற்றொன்று திறக்குமுன் செக்கனின் நூறுகோடியிற் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரையான இடைவெளி விடப்படுகின்றது. அவ்விடைவெளி நீண்டால் ஒலி திரிபடையும். குறைந்தால் கருவி அழியும். ஒரு விரியலாக்கியின் தரம் பெரிதும் இந்நுண்ணிய இடைவெளியை ஆக்கியோர் எவ்வாறு ஆண்டனர் என்பதில் தங்கியிருக்கின்றது.

இரண்டாவது குறை மின்வழங்கலைப் பற்றியது. துடிப்பின் உயரம் வழங்கும் வோல்ற்றளவேயாதலால், அது தளம்பினால் ஒலியும் உடன் தளம்பும். குளத்தின் நீர்மட்டம் தாழ்ந்தால், அதே நேரம் திறந்த மடையும் குறைந்த நீரையே விடும் அன்றோ? பின்னூட்டல் என்னும் முறை இதற்கு ஓரளவு மருந்தாகும்; வெளிவரும் துடிப்பை வேண்டிய துடிப்போடு ஒப்பிட்டு வேறுபாட்டைத் திருத்துவது அது. எனினும், மலிவான மின்வழங்கியோடு இணைத்த நல்ல விரியலாக்கியும் நல்லொலி தரமாட்டாது.

மூன்றாவது குறை வானொலி கேட்போரை நேரே தாக்குவது. செங்குத்தாக எழுந்து செங்குத்தாக விழும் துடிப்புக்கள் தம் மீடிறனில் மட்டுமன்றி அதன் மடங்குகளிலும் ஆற்றலை வெளிவிடுகின்றன. துடிப்பு 400 கிலோஹேர்ட்ஸில் நிகழ்ந்தால் 800, 1200, 1600 கிலோஹேர்ட்ஸ்களிலும் அதன் சாயல் தோன்றும். மத்திய அலை ஒலிபரப்புக்கு உரிய பரப்போ 531 முதல் 1602 கிலோஹேர்ட்ஸ் வரையாகும். ஆகவே, வடிகட்டியிற் சிக்கனம் செய்த பெட்டி ஒன்று, பக்கத்திலிருக்கும் வானொலியில் இரைச்சலை எழுப்பி நிலையத்தின் குரலை மறைத்துவிடக்கூடும். மோட்டார் வண்டிகளுக்குரிய சில விரியலாக்கிகள், கேட்கப்படும் நிலையத்திற்கு ஏற்பத் தம் துடிப்பின் மீடிறனைச் சிறிது விலக்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருப்பது இக்காரணம் பற்றியே. வீட்டில் இவ்விரைச்சல் கேட்டால், வானொலிப் பெட்டியை விரியலாக்கியிலிருந்து அகற்றி வைத்தலும், ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியைக் குறுக்குதலும் பெரும்பாலும் பயன்தரும்.

வாங்குவோர் ஏமாறும் இடம் வாற்று என்னும் எண்ணாகும். பெட்டியில் ‘100 வாற்று’ என எழுதியிருக்கும். உடன் தரப்படும் மின்வழங்கியில் ‘12 வோல்ற்று, 2 அம்பியர்’ என எழுதியிருக்கும். பன்னிரண்டை இரண்டாற் பெருக்கினால் 24 வாற்று. உள்ளே செல்வது 24 எனின், வெளியே தொடர்ந்து நூறு வருமாறு செய்யும் விஞ்ஞானம் உலகில் இல்லை. மேலும், 12 வோல்ற்றில் இயங்கும் இத்தகைய விரியலாக்கி 8 ஓம் ஒலிபெருக்கிக்குத் தூய அலையாகக் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 9 வாற்று. கணக்கு எளிது: வோல்ற்றளவை அதனாலேயே பெருக்கி, ஒலிபெருக்கித் தடையின் இருமடங்கால் வகுத்தாற் போதும். அதே பெட்டி 24 வோல்ற்றைத் தாங்குமாயின் 36 வாற்று கிடைக்கும். ஆனால், 9 வாற்று என்பதும் இழிவானதன்று. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற வலு ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும். ஓர் அறையில் அமர்ந்து கேட்பதற்குச் சில வாற்றுக்களே போதும். பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் விலையை நல்ல ஒலிபெருக்கிக்குக் கொடுத்தல் அறிவுடைமை. ஏனெனில், விரியலாக்கியில் இத்துணை அரும்பாடுபட்டுக் காத்த ஆற்றலில், சாதாரண வீட்டு ஒலிபெருக்கி ஒலியாக மாற்றுவது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே. எஞ்சியது அதன் சுருளிலே வெப்பமாகின்றது.

இம்முறையின் பயன் இசை கேட்போரின் வசதியோடு முடிந்துவிடவில்லை. சுவரோடு ஒட்டிய மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டியிலும், சட்டைப்பையில் அடங்கும் தொலைபேசியிலும் ஒலியை எழுப்புவது பெரும்பாலும் இத்தகைய விரியலாக்கியே. இவற்றுள் மிகச் சிறியது செவிப்புலன் குன்றியோர் அணியும் கருவியுள் இருக்கின்றது. அக்கருவிக்கு ஆற்றல் தருவது பருப்பு அளவேயுள்ள ஒரு மின்கலம். அதன் வோல்ற்றளவு ஏறத்தாழ 1.4. பழைய வழியில் ஆற்றலின் பெரும் பகுதி வெப்பமாகக் கழிந்தால், அம்மின்கலம் விரைவில் ஓய்ந்துவிடும். ஆளி முறையில் அது நெடுநேரம் நிலைக்கின்றது. பல கருவிகளில் வடிகட்டியும் தனியே இல்லை. காதினுள் ஒலியை எழுப்பும் மிகச்சிறு ஒலிபெருக்கியின் கம்பிச்சுருளே துடிப்பை அலையாக்கும் வேலையையும் செய்துவிடுகின்றது. ஒரு முதியவர் தம் பேரப்பிள்ளையின் மழலையை நாள் முழுவதும் கேட்க இயலுமா, அன்றி இடையிலே கருவி ஊமையாகிவிடுமா என்பது, வெப்பமாகாது காக்கப்பட்ட இச்சிறு ஆற்றலைப் பொறுத்தது.

பாரமும் சூடும் ஒருபோதும் நல்லொலியின் இலக்கணமாக இருந்ததில்லை. அவை பாதி திறந்த மடையின் இழப்பை அறிவித்த அடையாளங்களே. அதுபோலவே, ‘டிஜிட்டல்’ என்னும் சொல்லும் நல்லொலிக்குச் சான்றாகாது. ஆளிகள் காலம் தவறாது இயங்குகின்றனவா, மின்வழங்கல் தளம்பாது நிற்கின்றதா, வடிகட்டி தன் கடமையைச் செய்கின்றதா என்னும் மூன்று வினாக்களே தரத்தை நிச்சயிக்கும். முதல் வினாவுக்கு விடை காணக் கருவியைப் பாடவிட்டுக் கேட்டல் வேண்டும். இரண்டாவதற்கு மின்வழங்கியின்மேல் எழுதப்பட்ட எண்களைப் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். மூன்றாவதற்கு அருகில் ஒரு வானொலியை மத்திய அலையில் வைத்து இயக்கினாற் போதும். இவற்றுள் எதற்கும் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. வாங்குமுன் சிறிது பொறுமை வேண்டும்.